ஆலை வடக்கு

ஒரு கண் போன பிறகுதான் என் மனைவிக்குச் சனி கிரகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

வலது கண்ணைச் சர்க்கரை எடுத்துக்கொண்டது. இடது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. "கறுப்பு நூல் மாதிரி ஒண்ணு குறுக்க ஓடிக்கிட்டே இருக்குங்க. உத்துப் பாத்தா நழுவிப் போயிடுது" என்பாள். லேசர் வைத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பொங்கல் முடிந்ததும் அறுவை சிகிச்சை என்று நாள் கொடுத்தார்கள். "இருக்கறதக் காப்பாத்தப் பாக்கறோம். உத்தரவாதம் மட்டும் கேக்காதீங்க" என்றார் டாக்டர். நான் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. உத்தரவாதம் கேட்கிற ஆள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

அவளுக்கு ரிஷப ராசி. ஏழரைச் சனியின் கடைசிப் பகுதி நடந்துகொண்டிருந்தது. சனி பிடித்த பிறகுதான் சர்க்கரை ஏறியது, மகன் அமெரிக்கா போனான், கண் போனது, நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தேன். கடைசியாகச் சொன்னதை அவள் எப்போதும் முதலில் சொல்வாள். சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் எள் தீபம் ஏற்றினாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் படியில் கை பிடித்துக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். 

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "இத்தனை வருஷமா என்னை ஆட்டி வெச்சவரு மூஞ்சிய நான் ஒரு தடவ பாக்க வேணாமா? அந்தப் பெட்டியைப் பிரிங்க."

அந்தப் பெட்டி, மகன் டிசம்பரில் வந்தபோது தூக்கிக்கொண்டு வந்த தொலைநோக்கி. கம்ப்யூட்டர் வைத்தது. கையில் பிடித்துக்கொள்ள டிவி ரிமோட் போல ஒரு கன்ட்ரோலர். அதில் ஒரு நட்சத்திரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் குழாய் தானாகத் திரும்பி அதைக் காட்டும், பிறகு அதன் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருக்கும். "அப்பாவுக்குப் பொழுது போகணுமில்ல" என்று வைத்துவிட்டுப் போனான். என் பொழுதைப் பற்றி எல்லோருக்கும் கவலை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ஆலையில் என் உத்தியோக வாழ்க்கை கழிந்தது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவு. பிரஷர் கேஜ், வெப்பமானி, எடைமேடை எது வந்தாலும் அதைத் தரமான இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், தவறு என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். எந்தக் கருவியும் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பக் கூடாது என்பது எங்கள் பிரிவின் பாலபாடம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைச் சொல்லிவிட்டு, நான் சொல்வதை மட்டும் நம்பச் சொல்வேன்.

ஆகவே கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். பென்சிலால் அடிக்கோடு போட்டேன். பிறகு முக்காலியை மொட்டை மாடிக்கு ஏற்றினேன்.

கீழ் வீட்டில் குடியிருந்தவர் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகளின் வரிசை எங்கள் தெருமுனையைத் தாண்டி நீண்டு கிடக்கும் காலம் அது. வரிசையில் லாரியை விட்டு, கிளீனரை அதில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, வேட்டியும் பனியனுமாக மாடிக்குக் காற்று வாங்க வருவார். நான் முக்காலியின் காலை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"இன்னா சார், பீரங்கி எறக்கிகினு கீற? கடல் பக்கம் திருப்பாத சார். கப்பல்காரன் பயந்து திரும்பிப் பூடப் போறான்."

"சனியைப் பார்க்கிறதுக்கு."

"அத்தப் போய் இன்னாத்துக்கு சார் நாம தேடிகினு போவணும்? அதுவா வந்து தோள் மேல குந்திக்குமே."

என் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி சிரித்தாள். "எனக்கு அப்படித்தான் குந்தியிருக்கு தம்பி. யாருன்னு பாக்கலாம்னுதான்."

முறை இதுதான். குழாயைத் தரைக்கு இணையாக வைத்து வடக்கு நோக்கித் திருப்ப வேண்டும். ஊர், தேதி, நேரம் சொல்ல வேண்டும். கருவி தானே பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பக்கம் திரும்பும். கொஞ்சம் தள்ளி நிற்கும். பொத்தானை அழுத்தி நாம் அதை நடுவுக்குக் கொண்டுவந்து 'என்டர்' அழுத்த வேண்டும். இன்னொரு நட்சத்திரத்துக்கும் அப்படியே. அவ்வளவுதான். அதன் பிறகு வானம் முழுவதும் அதற்கு மனப்பாடம்.

ஊர்ப் பட்டியலில் சென்னை இல்லை. மெட்ராஸ் இருந்தது. அமெரிக்காவில் இன்னும் பெயர் மாற்றவில்லை போலும். தேதியை மாதத்தில் தொடங்கிக் கேட்டது. அங்கே வேறு யாராவது ஏமாந்திருப்பார்கள், நான் ஏமாறவில்லை. கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வழக்கம் உண்டா என்றது. இல்லை என்றேன். இதையெல்லாம் நான் எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்பதைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

வடக்கு. காந்த ஊசி ஒன்று பெட்டியிலேயே இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. மாடித் தளத்துக்குள் கம்பி, பக்கத்தில் இரும்புத் தொட்டி, தலைக்கு மேல் ஆன்டெனாக் குழாய். இத்தனை இரும்புக்கு நடுவே ஊசி சொல்வதை நம்புகிறவன் என் பிரிவில் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்க மாட்டான். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்றால், நம் ஊரில் அது தென்னை மரத் தலைக்கு மேல் ஏறாது. அந்த உயரத்தில் எங்கள் வானம் ஆலை விளக்குகளால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆனால் எங்கள் திருவொற்றியூரில் வடக்கு எது என்று யார் யோசிப்பார்கள்? கடல் கிழக்கே. ரயில் தெற்கே போனால் சென்ட்ரல், வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. வடக்கே எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சிம்னிகள், உச்சியில் சிவப்பு விளக்குடன். மழையானாலும் புகையானாலும் தெரியும். ஆலைக்குள் நாங்கள் திசை சொன்னதே அதை வைத்துத்தான். குழாயின் நுனியைச் சிவப்பு விளக்கில் நிறுத்தினேன். மட்டம் சரி. வடக்கு சரி. எல்லாம் சரி.

கருவி உறுமிக்கொண்டு கிழக்கே திரும்பியது. காபிக் கொட்டை அரைக்கிற சத்தம். போய் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. கறுப்பு வானம். கையேட்டைப் பார்த்தேன்: அருகில் உள்ளவற்றில் மிகப் பிரகாசமான நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டு வரவும். கொஞ்சம் மேலே மஞ்சளாக ஒன்று நன்றாகவே பிரகாசித்தது. அந்தப் பக்கத்தில் அதற்குப் போட்டியே இல்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி அதை நடுவுக்குக் கொண்டு வந்தேன். உள்ளே பார்த்தால் தண்ணீரில் விழுந்த மஞ்சள் பொட்டு மாதிரி கலங்கலாக இருந்தது. குவியத்தைச் சரி செய்வது அடுத்த அத்தியாயத்தில் இருந்ததால் இப்போது தொடவில்லை. என்டர். இரண்டாவது நட்சத்திரமும் அதே கதை. அருகில் இருந்ததைப் பிடித்தேன். என்டர்.

சின்னத் திரையில் எழுத்து ஓடியது. 'அலைன்மென்ட் சக்ஸஸ்ஃபுல்.'

"ஆச்சு" என்றேன்.

என் மனைவி எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள். கோயிலுக்குள் நுழைவதற்கு முன் செய்வது போலவே செய்தாள். நான் பட்டியலில் சனியைத் தேர்ந்தெடுத்தேன். கருவி முனகியது, திரும்பியது, தாழ்ந்தது, எதிர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையைக் குறி வைத்து நின்றது.

லாரிக்காரர் குழாயின் பின்னால் போய் அதன் வழியே பார்த்தார். "சார், அந்த வூட்டம்மாவுக்குத் தெர்ஞ்சா உனுக்குத்தான் சார் சனி."

"திருப்புங்க முதல்ல. ஊரு தப்பாப் பேசும்" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கருவி ஒன்று தனக்குத் தானே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதலில் இருந்து தொடங்கினேன். மட்டம், வடக்கு, ஊர், தேதி, நேரம். எதில் தவறு என்று தெரியாதபோது எல்லாவற்றையும் இன்னும் கவனமாகச் செய்வது என் பழக்கம். இந்த முறை சனி எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் இருப்பதாகச் சொன்னது. அதற்கு அடுத்த நாள் 'ஃபெயில்டு' என்றது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் மார்கழிப் பனி ஆலைப் புகையோடு சேர்ந்து இறங்கி, சிம்னி விளக்கைத் தவிர எதையும் விட்டு வைக்கவில்லை. போகியன்று ஊரே டயரைக் கொளுத்தியது. கண் எரிந்தது. அவளுக்கு இருந்த ஒரு கண்ணும் எரிந்து நீராகக் கொட்டியது. "வானத்தையே கொளுத்திட்டானுங்க பாவிங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துவிட்டாள்.

போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க ரொம்பப் படிக்கிறீங்க. கண்ணுக்குத் தெரியறதப் பாத்துக் கையாலயே திருப்பிடுங்களேன். மிதுன ராசியில மஞ்சளா இருக்கும்" என்றான்.

"மிதுனம் எங்கே இருக்கு?"

"கிழக்கே."

"மிதுனத்தில் இருக்கார்னு உங்க அம்மாவோட பஞ்சாங்கமே சொல்லுது. வானத்தில்தான் போர்டு இல்லை."

"அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"அவகிட்டயே கேளு" என்று போனை நீட்டினேன். அவள் போனை எடுக்கக் கை நீட்டினாள். கை போனுக்கு ஒரு சாண் இடது பக்கம் போய்க் காற்றைப் பிடித்தது. நான் போனை நகர்த்தி அவள் கையில் வைத்தேன். "நல்லாத்தாண்டா இருக்கு" என்று அவனிடம் சொன்னாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை எனக்கும் கருவிக்கும் உள்ள வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு மாலையும் நான் மட்டம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு மாடிப்படி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது. முதல் நாள் கைப்பிடிச் சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு ஏறியவள், இப்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தேடினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "குறிச்ச நாள்ல வாங்க, அதுக்கு முன்னாடி தியேட்டர் கிடையாது" என்றார்கள். அங்கேயும் ஒரு முறை இருக்கிறது. முறைக்கு எதிராகப் பேச எனக்கு வராது. சரி சார் என்று வைத்துவிட்டேன்.

பொங்கலன்று பானை வைத்து, சூரியனுக்குப் படைத்து, சாப்பிட்டு முடித்தோம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவள் பைக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். துணியை முகத்துக்கு அருகே கொண்டு வந்து நிறம் பார்த்து வைத்தாள். "இன்னிக்குப் புகை இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள். பாருங்களேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

கையேட்டை மறுபடி எடுத்தேன். வேறு என்ன செய்ய? அடிக்கோடு போட்டு அடிக்கோடு போட்டுப் பக்கமே கறுத்திருந்தது. வடக்கைப் பற்றிய வரியில் இரண்டு வார்த்தைகளுக்கு மட்டும் கோடு இல்லை. 'ட்ரூ நார்த்.' முதல் முறை படித்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது. உண்மையான வடக்காம். பொய்யான வடக்கு என்று ஒன்று வேறு இருக்கிறதா என்று.

இருக்கிறது. அதில்தான் நான் என் உத்தியோகம் முழுவதையும் கழித்தேன்.

ஆலை வரைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். பெரிதாக, காகிதத்தின் மேல்பக்கம் நோக்கி நேராக நிற்பது ஆலை வடக்கு. அதன் அடியில் சின்னதாக, சாய்வாக இருப்பது நிஜ வடக்கு. எங்கள் கடற்கரை நேர் வடக்காக ஓடுவதில்லை. எண்ணூர் பக்கம் போகப் போகக் கிழக்கே சாய்கிறது. சாலை கடற்கரையை ஒட்டிப் போட்டது. ஆலை சாலையை ஒட்டிக் கட்டியது. வரைபடத்தில் எல்லாக் கட்டடமும் கோணலாக நின்றால் வேலைக்கு ஆகாது என்று, சாலை போகிற பக்கமே வடக்கு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வடக்கு கேட், வடக்குக் கொட்டகை, வடக்குப் பம்ப் எல்லாம் அந்தக் கணக்கில்தான். சிம்னியும் அந்தக் கணக்கில்தான் வடக்கே இருந்தது. பன்னிரண்டு பாகை இடது பக்கம் சாய்ந்த அந்தச் சின்ன அம்புக்குறியை நான் எங்கள் ஆலையின் எத்தனையோ வரைபடங்களில் பார்த்திருக்கிறேன். அது எதற்கும் பயன்பட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் நான் ஆலை வடக்கில்தான் குடியிருந்திருக்கிறேன். இத்தனைக்கும் பெட்டிக்குள் ஒரு காந்த ஊசி இருந்தது.

இருட்டத் தொடங்கியதும் மாடிக்குப் போனேன். சிம்னிக்கு நேராகக் கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தேன். நீட்டிய கையில் ஒரு முஷ்டி பத்துப் பாகை; ஒரு முஷ்டியும் கொஞ்சமும் இடது பக்கம் தள்ளி, யாரோ ஒருவர் வீட்டு அரைகுறைத் தூணுக்கு நேராகக் குழாயைத் திருப்பினேன். ஊர், தேதி, நேரம். கருவி உறுமிக் கிழக்கே திரும்பியது. எட்டிப் பார்த்தேன். நட்சத்திரம் வட்டத்தின் ஓரத்தில் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அது நான் முதல் நாள் பிடித்த மஞ்சள் நட்சத்திரம் இல்லை. அது வேறு. மஞ்சள் அதற்கு மேலே, தனியாக இருந்தது.

ஓரத்தில் வந்ததையும் இரண்டாவது நட்சத்திரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, குவியத்தைச் சரி செய்து, சனியைக் கேட்டேன். குழாய் மெல்ல நிமிர்ந்து அந்த மஞ்சளிடம் போய் நின்றது.

முதல் மாலையே சனி எனக்குக் கிடைத்திருந்தது. நடு மத்தியில், கலங்கலாக. நான் அதை வேறு ஒரு நட்சத்திரம் என்று கருவியிடம் சத்தியம் செய்துவிட்டு, பிறகு அதனிடமே சனி எங்கே என்று கேட்டிருக்கிறேன். அவள் அப்போது நாற்காலியில், கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணும் இதைவிட நன்றாக இருந்தது.

உள்ளே பார்த்தேன். படத்தில் பார்த்ததுதான், ஆனாலும் படத்தில் பார்த்தது போல இல்லை. சின்னதாக, கூர்மையாக, நெய் நிறத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்த வளையத்தோடு, யாரோ வெட்டி ஒட்டியது போல நின்றது. வளையத்துக்கு நடுவே மயிரிழை அளவில் ஒரு கறுப்புக் கோடு. வளையத்தில் உள்ள இடைவெளி அது. அவளே பார்க்கட்டும் என்று அதைச் சொல்லாமல் விட்டேன்.

படியிறங்கிப் போய் அவளைக் கூட்டி வந்தேன். லாரிக்காரர் அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். "இன்னிக்கி பாவாடையா, தொட்டியா சார்?"

"சனி."

"மெய்யாலுமா? வா வா ஆயா, சீக்கிரம் வா. சார் மூஞ்சியே வேற மாறிக் கீது."

தொலைநோக்கிக்கு அருகே வந்தவள் நின்றுவிட்டாள். "நேரா பாக்கலாமாங்க?"

"ஏன்?"

"கோயில்ல அவருக்கு நேருக்கு நேர் நிக்க மாட்டோம் இல்ல? ஒதுங்கித்தானே நிப்போம். பார்வை மேல விழக் கூடாதுன்னு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் இதற்கு என்னிடம் நீளமான பதில் இருந்திருக்கும். "இங்க பார்" என்று அவள் கையைப் பிடித்து வானத்துப் பக்கம் காட்டினேன். "அவர் அதோ அங்க, மேல இருக்கார். நீ இங்க குனிஞ்சு, கீழ பாக்கப் போற. நடுவுல ஒரு கண்ணாடி இருக்கு. அது பக்கவாட்டில் திருப்பி அனுப்புது. நீயும் அவரும் நேருக்கு நேர் இல்லை."

அவள் குழாயின் பின்முனையில் கண்ணாடி இருந்த வளைவைத் தடவிப் பார்த்தாள். "இதைச் செஞ்சவனுக்கும் ஏழரை நடந்திருக்கும் போல" என்றாள். லாரிக்காரர் கையைத் தட்டிச் சிரித்தார்.

குனிந்தாள். ஒரு கண்ணை மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தூரம் பிடிபடாது. பார்க்கும் துளையை நோக்கிப் போன கை அதைத் தவறவிட்டுக் குழாயைப் பிடித்தது. தடுமாறாமல் இருக்க அழுத்தியே பிடித்தது. குழாயைத் தொடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய இன்னொரு முழங்கை என் கையில் இருந்தது. உடம்பின் பாரம் முழுவதும் அதில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் துளையில் கண்ணை வைத்தாள்.

கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று போனது. மாடி லேசாக அதிர்ந்து அடங்கியது. அவள் அசையவில்லை.

"இன்னா ஆயா, கண்டியா?"

"இருங்க தம்பி." பிறகு வெகு நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "இவர்தானா?" என்றாள். "இத்தூண்டு இருக்கார். கம்மல் மாதிரி." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வளையத்துக்கு நடுவுல மெல்லிசா ஒரு கறுப்பு நூல்."

அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். நெற்றியில் லேசாக வியர்த்திருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திரும்பி, அடுத்தவருக்குக் காட்டுவதற்கு முன் ஒரு முறை சரி பார்த்துவிடலாம் என்று துளையில் கண்ணை வைத்தேன்.

கறுப்பு. சனி இல்லை. ஒரு நட்சத்திரம் கூட இல்லை.

குழாய் நகர்ந்திருக்கிறது. எப்போது நகர்ந்தது? அவள் பிடித்த உடனேயா, பார்த்து முடித்து எழுந்தபோதா? அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல நழுவிப் போயிற்றா? கருவியிடம் கேட்டால் அது சனியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே சொல்லும். திரையில் அப்போதும் சனி என்றுதான் எழுதியிருந்தது.

"நவுரு சார், நானும் ஒரு லுக்கு வுட்டுக்கறேன்."

மறுபடி பட்டியலுக்குப் போய், மறுபடி தேடி, மறுபடி சரி செய்து காட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"மேகம் வந்துடுச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பொங்கல் வானம் கழுவி விட்டது போல இருந்தது. "எங்க சார்..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார், நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார். "மேகந்தான். பேஜாரு புச்ச மேகம்." நாற்காலி வேண்டுமானால் கூப்பிடச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அறுவை சிகிச்சை முறைப்படி நடந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்து, "ஆபரேஷன் சக்ஸஸ்ஃபுல்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. கட்டுப் பிரித்த பிறகு அவளுக்கு வெளிச்சம் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, ஆள் வந்து நின்றால் நிழல் மாதிரி தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. தெரியவும் போவதில்லை என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார்.

தொலைநோக்கி பெட்டிக்குள் போய்விட்டது. பார்க்க வருகிறவர்களிடம் அவள் கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. சனியைப் பார்த்ததைத்தான் சொல்கிறாள். அந்தத் தெருவில் சனியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். நெய் நிறம் என்கிறாள். நான் அவளிடம் நிறத்தைச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்கவும் கூடும், கையேட்டில் வண்ணப் படங்கள் இருந்தன, நான் சத்தமாகப் படிக்கிற பழக்கம் உள்ளவன். வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது என்கிறாள். பிறகு அந்தக் கறுப்பு நூல்.

என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நூல் நின்றதா, ஓடியதா? நின்றிருந்தால் அது வளையத்தின் இடைவெளி. ஓடியிருந்தால் அது அவளுடைய கண். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி. என் பிரிவில் இதைக் கேட்காமல் யாரும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள்.

அவள் நூலுக்கு வரும்போது, குடித்து முடித்த காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்விடுகிறேன்.